சூப்பர்ஹ்யூமன் என்று நம்பி ஆடிய பிகினர்: எக்ஸ்-காம் கடினநிலைப் பிழை பற்றிய முழு நிகழ்வு ஆய்வு

முறைவைத்து ஆடும் வியூக கேம்களில் வரும் பிழைகளில் மிக மோசமானவை கேமை நொறுக்குபவை அல்ல. நொறுங்கினால் உடனே தெரிந்துவிடும். யாராவது புகார் செய்வார்கள், யாராவது சரிசெய்வார்கள். சத்தமே இல்லாமல் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டு, மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் விட்டுவைக்கும் பிழைதான் ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்த வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நிகழ்வு

பூமியைத் தாக்கும் வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து ஆடும் கேமான எக்ஸ்-காம்: யூஎஃப்ஓ டிஃபென்ஸ் 1994-இல் டாஸ் கணினிகளுக்கு வந்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் யூஎஃப்ஓ: எனிமி அன்நோன். ஜூலியன் கொலப், நிக் கொலப் சகோதரர்களின் மித்தோஸ் கேம்ஸ் உருவாக்க, மைக்ரோப்ரோஸ் வெளியிட்டது. புது கேம் தொடங்கும்போது ஐந்து கடினநிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பிகினர், எக்ஸ்பீரியன்ஸ்டு, வெட்டரன், ஜீனியஸ், சூப்பர்ஹ்யூமன்.

டாஸ் பதிப்பில் இந்தத் தேர்வு முதல் களச்சண்டை வரைக்கும்தான் உயிரோடு இருந்தது. அந்தச் சண்டை முடிந்து உலக வரைபடத்துக்குத் திரும்பியதும், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கேம் பிகினருக்கு இறங்கிவிடும். மீதமுள்ள மாதங்கள், தளத் தாக்குதல்கள், கடைசியில் செவ்வாயில் நடக்கும் இறுதிச் சண்டையான சிடோனியா வரை எல்லாமே பிகினர்தான். அறிவிப்பு இல்லை, பிழைச் செய்தி இல்லை. கேமுக்குள் நிலையைத் திரும்பக் காட்டும் இடமும் இல்லை.

எண்களில் இது எவ்வளவு பெரிய சரிவு

ஐந்து படிகள் என்றதும் ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரே அளவு தூரம் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை. பழைய கேமின் நடத்தையை அப்படியே மறுபடி எழுதிய ஓப்பன்எக்ஸ்காமின் மூல நிரலில் சூத்திரம் திறந்தே கிடக்கிறது. வேற்றுக்கிரக வீரரின் சுடும் துல்லியம் பிகினருக்கு மேலே ஒவ்வொரு நிலைக்கும் 6 சதவீதம் கூடும். பிகினரில் மட்டும் தனி விதி: துல்லியமும் கவசமும் நேர் பாதி.

வேற்றுக்கிரக இனங்களில் ஒன்றான செக்டாய்டின் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். அடிப்படைத் துல்லியம் 52. எக்ஸ்பீரியன்ஸ்டில் 55, வெட்டரனில் 58, ஜீனியஸில் 61, சூப்பர்ஹ்யூமனில் 64. பிகினரில் 26. இரண்டாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு ஏற 9 புள்ளி. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்க 29 புள்ளி. மேலே இருப்பது மாடிப்படி, கீழே இருப்பது கிணறு. இந்தப் பிழை ஆட்டக்காரரை ஒரு படி கீழே இறக்கவில்லை, கிணற்றில் போட்டது.

சண்டையில் இதன் பொருள் என்ன? அந்தச் செக்டாய்டின் கையில் பிளாஸ்மா பிஸ்டல் இருக்கிறது, அவசரச் சுடலுக்கு ஆயுதத்தின் விகிதம் 65 சதவீதம். சூப்பர்ஹ்யூமனில் 64-இல் 65 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 41. பிகினரில் 17-ஐக்கூடத் தொடாது. ஐந்து குண்டில் இரண்டு படவேண்டிய இடத்தில் ஆறில் ஒன்று படுகிறது. வீரர்கள் பிழைக்கிறார்கள், அனுபவம் சேர்கிறது, அடுத்த சண்டைக்குத் தேர்ந்த கைகளோடு போகிறார்கள். இந்த கேமில் ஒரு வீரர் பிழைப்பது வட்டி குட்டிபோடுவது மாதிரி. தொடக்கத்தில் கிடைத்த சலுகை மாதாமாதம் பெருகும்.

கவசப் பக்கமும் பார்க்கலாம். வேற்றுக்கிரகப் போர் இயந்திரமான சைபர்டிஸ்க்கின் கவசம் 34, பிகினரில் 17. சாதா ரைஃபிளின் பவர் 30. இந்த கேமில் தோட்டாவின் அடி 0-இலிருந்து பவரின் இரண்டு மடங்கு வரை எதுவாகவும் விழலாம், அதாவது 0 முதல் 60. அடிவகைக் குறைப்புகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 61 சாத்தியங்களில் 34-ஐத் தாண்டுபவை 26. 17-ஐத் தாண்டுபவை 43. நூற்றுக்கு 43 தடவை துளைக்க வேண்டிய குண்டு 70 தடவை துளைக்கிறது. லேசர் ஆராய்ச்சி முடியும் வரை கதிகலங்க வைக்க வேண்டிய எதிரி, ரைஃபிளுக்கே இடம்கொடுத்துவிடுகிறது.

எதிரிகளின் எண்ணிக்கையும் இதே எண்ணைத்தான் பார்க்கிறது. பிகினருக்கும் எக்ஸ்பீரியன்ஸ்டுக்கும் ஒரே குறைந்த அளவு, வெட்டரனுக்கும் ஜீனியஸுக்கும் நடு அளவு, சூப்பர்ஹ்யூமனுக்கு மட்டும் உச்ச அளவு. மாத மதிப்பெண்ணில் தோல்விக் கோடு பிகினரில் -900, சூப்பர்ஹ்யூமனில் -500. ஆக, களம், வரைபடம் இரண்டிலும் பிடி தளர்ந்துவிடுகிறது.

எங்கே அறுந்தது

டாஸ் எக்ஸ்-காம் ஒரே நிரல் அல்ல. உலக வரைபடம், தளங்கள், ஆராய்ச்சி எல்லாம் ஜியோஸ்கேப் என்ற நிரலில். களச்சண்டை டாக்டிகல் என்ற வேறொரு நிரலில். சண்டைக்குப் போகும்போது முதல் நிரல் தன் நிலையைக் கோப்புகளில் எழுதிவைத்துவிட்டு மூடிக்கொள்ளும். இரண்டாவது எழுந்து அந்தக் கோப்புகளைப் படித்துச் சண்டையை நடத்தும். முடிந்ததும் விளைவை எழுதிவைத்துவிட்டு அதுவும் மூடும். முதல் நிரல் மறுபடி புதிதாக எழும். ஆட்டக்காரருக்கு ஒரு திரை மாறியதுபோல் தெரிகிறது. உள்ளே நடப்பது ஒரு முழுக் கைமாற்றம்.

கைமாற்றத்தில் எழுதப்படாத எதுவும் மறுபக்கத்தில் இருக்காது. நிதி எழுதப்பட்டது, வீரர்கள், தேதி, கிடங்கு எல்லாம் எழுதப்பட்டன. கடினநிலை தப்பிப் பிழைக்கவில்லை. புதிதாக எழுந்த ஜியோஸ்கேப்பில் அந்த இடத்தில் 0 நிற்கிறது. நிலைகளுக்கு உள்ளே கொடுக்கப்பட்ட எண்கள் 0 முதல் 4 வரை. 0 என்றால் பிகினர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிழை நடந்ததற்குக் காரணம் விடுபட்ட மதிப்பு. ஆனால் பிழை ஊமையாக இருந்ததற்குக் காரணம், 0 என்பது செல்லுபடியாகும் மதிப்பாக இருந்தது. பிகினருக்கு 1 என்று எண் கொடுத்து, 0-வுக்கு எந்தப் பொருளும் இல்லாமல் விட்டிருந்தால், முதல் சண்டை முடிந்த மறுகணமே ஏதாவது அபத்தமாகத் தெரிந்திருக்கும், சோதனை செய்தவர் கண்ணில் பட்டிருக்கும். ‘மதிப்பு இல்லை’ என்பதும் ‘எளிதான நிலை’ என்பதும் ஒரே எண்ணாக இருந்ததால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லாமல் போனது. இன்றைக்கும் முறைவைத்து ஆடும் கேம் எழுதுகிறவர்கள் நிலைகள், அணிகள், பருவங்கள் போன்றவற்றுக்கு 0-விலிருந்து எண் கொடுக்கும்போது இதே குழியைத்தான் தோண்டுகிறார்கள்.

களச்சண்டையின் எல்லையில் இன்னொரு வரம்பும் இருந்தது. ஒரு சண்டைக்கு 80 பொருள்களுக்கு மேல் கொண்டுபோக முடியாது. விமானத்தில் ஏற்றும்போது நாமே பார்த்து ஏற்றுவதால் வலி தெரியாது. தளம் தாக்கப்படும்போதுதான் தெரியும்: கிடங்கிலிருந்து பட்டியல் வரிசைப்படி 80 எடுக்கப்படும், பட்டியலின் கடைசியில் இருக்கும் நல்ல துப்பாக்கி வெளியே நிற்கும், வீரர்கள் கையில் பழைய தோட்டாப் பெட்டிகள் வந்து சேரும். தீர்வு ஒன்றுதான். பயன்படாத பிஸ்டல், ரைஃபிள், அவற்றின் தோட்டாக்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சண்டைக்கு வேண்டியதை மட்டும் தளத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் யாரும் கவனிக்கவில்லை

மூன்று திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து பிழையை மறைத்தன.

முதலாவது, முதல் சண்டை உண்மையிலேயே தேர்ந்தெடுத்த நிலையில் நடந்தது. அனுபவமில்லாத வீரர்கள், கவசமில்லை, சாதா ஆயுதம். சூப்பர்ஹ்யூமனில் அது ரத்தக்களரி. ‘சொன்னபடியே கடினமாகத்தான் இருக்கிறது’ என்ற எண்ணம் அங்கேயே பதிந்துவிடும்.

இரண்டாவது, இந்த வகை கேம் இயல்பாகவே போகப்போக எளிதாகும். லேசர் வரும், கவசம் வரும், வீரர்களின் துல்லியம் ஏறும். இரண்டாம் சண்டை எளிதாக இருந்தால் ‘நான் கற்றுக்கொண்டுவிட்டேன்’ என்று நினைப்பதுதான் இயற்கை.

மூன்றாவது, பிகினரிலும் எக்ஸ்-காம் இரக்கமில்லாத கேம். சுடாமல் நெருங்கி வந்து கொல்லும் எதிரியான கிரைசாலிட் பக்கத்தில் வந்துவிட்டால் துல்லியம் பாதியாக இருந்து என்ன பயன்? ஆகவே தோற்றவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். தேர்ந்தவர்கள் மட்டும் ‘உச்ச நிலைகூடப் போதவில்லை’ என்றார்கள்.

அந்தக் குரல்தான் விளைவை உண்டாக்கியது. அடுத்த பாகமான டெரர் ஃப்ரம் த டீப் 1995-இல் வந்தது. மித்தோஸ் அப்போது தொடரின் வேறொரு பாகத்தில் வேலையாக இருந்ததால் மைக்ரோப்ரோஸ் தானே செய்தது. முதல் பாகம் எளிது என்ற புகாரை ஏற்று எதிரிகளைக் கூட்டினார்கள், இரண்டு கட்டமாக நீளும் சண்டைகளைச் சேர்த்தார்கள். புகாருக்கு மூலம் பிழை என்று தெரியாததால், பிழைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை வடிவமைப்புக்குக் கொடுத்தார்கள். அந்த கேம் இன்றும் தொடரிலேயே மிகக் கடினமானது என்று பெயர் வாங்கியிருக்கிறது.

உறுதிசெய்யும் முறை

உணர்வை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதற்குத்தான் மேலே அவ்வளவும் சொன்னது. எண்ணைப் படிக்க வேண்டும். நல்ல வேளையாக கேமுக்குள்ளேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது: மைண்ட் ப்ரோப். எதிரியின் எல்லாத் திறன்களையும் அது அப்படியே திரையில் காட்டும்.

பழைய டாஸ் பிரதி கையில் இருந்தால் செய்ய வேண்டியது இது. சூப்பர்ஹ்யூமனில் புது கேம் தொடங்கி, மைண்ட் ப்ரோப் கைப்பற்றி ஆராய்ந்து முடிக்கும் வரை ஆடுங்கள். எப்படியும் அதற்குள் முதல் சண்டை முடிந்திருக்கும். செக்டாய்டு வரும் சண்டைக்குக் கருவியைக் கொண்டுபோய், தலைவரையோ மருத்துவரையோ விட்டுவிட்டுச் சாதா சிப்பாயின்மேல் பயன்படுத்துங்கள். பதவிக்குப் பதவி அடிப்படை எண் மாறும். சுடும் துல்லியம் 60-களில் இருந்தால் நிலை நிற்கிறது. 26 என்றால் பிகினர். முன்புறக் கவசத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 4 இருக்க வேண்டும், பிகினரில் 2. இரண்டு எண்ணும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகத்துக்கு இடமில்லை. எக்ஸ்பீரியன்ஸ்டா வெட்டரனா என்று மட்டும் இந்த முறையில் பிரிப்பது கடினம், இடைவெளி 3 புள்ளிதான்.

பிழைபோலத் தோன்றி, பிழை அல்லாதவை

இந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அரைகுறையாகிவிடும். எக்ஸ்-காமில் பிழை இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை. நாடுகளை வளர்த்து ஆடும் வியூக கேமான சிவிலைசேஷனில் நடந்தது நேர் எதிர்.

1991-இல் வந்த முதல் சிவிலைசேஷனில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தி அணுகுண்டு வீசுவார் என்பதற்கு ஓர் அழகான விளக்கம் பரவியது. காந்தியின் ஆக்ரோஷ மதிப்பு 1. ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும். 0 முதல் 255 வரை மட்டும் பிடிக்கும் எட்டு பிட் குறியில்லா எண்ணில் -1 இல்லாததால் அது 255-க்குச் சுற்றிக்கொள்ளும். எனவே காந்தி உலகிலேயே கொடூரமானவர் ஆகிவிடுவார். கணக்கு சரி. எட்டு பிட்டில் 1 - 2 உண்மையிலேயே 255 தான். ஆனால் அந்த கேமில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2020-இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் அந்த கேமை உருவாக்கிய சிட் மெயர் இதை மறுத்தார். இரண்டாம் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளர் பிரையன் ரெனால்ட்ஸ் சொன்னது இன்னும் தெளிவு: ஆக்ரோஷத்துக்கு மூன்றே நிலைகள்தான், காந்திக்கு இருந்த மிகக் குறைந்த நிலை தலைவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் இருந்தது, நிரலின் அந்தப் பகுதியில் குறியில்லா எண்ணே இல்லை. இந்தியா அறிவியலில் முந்தி அணு ஆயுதத்தை எட்டும். எட்டிய எந்தத் தலைவரும் ஒரே மிரட்டல் வாசகத்தைத்தான் பேசுவார். காந்தி வாயில் வந்ததால் நினைவில் நின்றது. பின்னால் 2010-இல் ஐந்தாம் பாகத்தில் அதன் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் காந்தியின் அணு ஆயுத விருப்பத்தை 12 என்று வைத்தார். அது வேண்டுமென்றே செய்தது.

இன்னொரு வகை, மறுபடி லோட் செய்யும்போது வரும் புகார். 2012-இன் எக்ஸ்காம்: எனிமி அன்நோனில் 90 சதவீதச் சுடல் தவறுகிறது, சேவ் கோப்பை லோட் செய்து அதே வீரரை வைத்து அதே இலக்கைச் சுட்டால் மறுபடியும் தவறுகிறது, பத்து முறை செய்தாலும் தவறுகிறது. ‘சதவீதம் பொய்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. உண்மையில் சீரற்ற எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்கும் என்று தீர்மானிக்கும் விதையும் சேவ் கோப்பில் சேர்ந்தே இருக்கிறது. அதே செயல், அதே எண், அதே விளைவு. வேறு வீரரை முதலில் நகர்த்தினால் அல்லது சுடவைத்தால் எண்வரிசை நகரும், விளைவு மாறலாம். லோட் செய்யும்போதே விதையை மாற்ற வேண்டும் என்றால் எனிமி விதின் விரிவாக்கத்தின் செகண்ட் வேவ் என்ற கூடுதல் விருப்பங்களில் சேவ் ஸ்கம் என்பதை இயக்கலாம்.

சதவீதம் உண்மையிலேயே வேறாக இருக்கும் இடமும் உண்டு, ஆனால் ஆட்டக்காரர் பக்கமாக. ஃபயர் எம்பளம் தொடரில் 2002-இன் பைண்டிங் பிளேட் முதல், 0 முதல் 99 வரை இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைக் காட்டிய சதவீதத்தோடு ஒப்பிடும் முறை வந்தது. திரையில் 90 என்றால் உண்மை வாய்ப்பு 98.1. திரையில் 75 என்றால் 87.75. இப்படிப் பழகிய கண்ணோடு நேர்மையான 90-ஐக் காட்டும் கேமுக்கு வந்தால், பத்தில் ஒரு தவறுகூட மோசடியாகத் தெரியும்.

திருத்தமும் தடுப்பும்

பின்னால் வந்த விண்டோஸ் பதிப்பில் கடினநிலைப் பிழை சரிசெய்யப்பட்டது. டாஸ் பிரதியையே வைத்திருப்பவர்களுக்கு ரசிகர் ஒருவர் எழுதிய எக்ஸ்காம்யூட்டில் கருவி இருக்கிறது. இன்று தொடங்குகிறவருக்கு ஓப்பன்எக்ஸ்காம்தான் சரியான வழி. பழைய கேமின் தரவுக் கோப்புகள் தேவைப்படும், நிரல் முழுவதும் புதிது. 

டாஸில் சூப்பர்ஹ்யூமனை முடித்தவர்கள் ஓப்பன்எக்ஸ்காமுக்கு வந்ததும் நேராக அதே நிலையைத் தொடாமல் எக்ஸ்பீரியன்ஸ்டில் தொடங்குவது நல்லது. அவர்கள் முழு அளவுக் கவசத்தையும் முழுத் துல்லியத்தையும் முதல் சண்டைக்கு அப்புறம் ஒருமுறைகூடச் சந்திக்காமல் இருந்திருக்கலாம். அது அவர்கள் திறமைக்குக் குறைவு அல்ல, எண் மாறிவிட்டது.

கேம் எழுதுகிறவர்கள் தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க விரும்பினால், 2003-இல் டேவிட் வைட் தொடங்கிய திறமூல கேமான பேட்டில் ஃபார் வெஸ்னாத்தின் சேவ் கோப்பைத் திறந்து பார்க்கலாம். அது ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. விரித்தால் எந்த எடிட்டரிலும் படிக்கலாம். உள்ளே ரீப்ளே என்ற பகுதியில் ஒவ்வொரு நகர்வும் தனிக் கட்டளையாக இருக்கும். தாக்குதல் கட்டளைக்குக் கீழே செக்அப் என்ற பகுதி. அதில் ஒவ்வொரு அடிக்கும் வாய்ப்பு எவ்வளவு, சேதம் எவ்வளவு, பட்டதா இல்லையா என்று பதிந்திருக்கும். ரீப்ளேயை மறுபடி ஓட்டும்போது கேம் கணக்கைப் புதிதாகப் போட்டு இந்தப் பதிவோடு ஒப்பிடும். வாய்ப்பு 40 என்று பதிந்திருக்க, இப்போது 30 என்று வந்தால், ஒத்திசைவு போய்விட்டது என்று அந்த இடத்திலேயே கத்தும். எக்ஸ்-காமில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் 64-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் சண்டையிலேயே பிடிபட்டிருக்கும்.

வெஸ்னாத்துக்குத் துணைநிரல் எழுதுகிறவர்கள் இந்த ஒத்திசைவைத் தாங்களே உடைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதற்குப் பயன்படும் லுவா நிரல்மொழியின் சொந்த மேத்.ரேண்டம் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி எண் தரும், மேத்எக்ஸ்.ரேண்டம் தான் எல்லாருக்கும் ஒரே எண்ணைத் தரும். படையைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்கும்போது எழும் செலக்ட் நிகழ்வு ஒருவர் கணினியில் மட்டும் நடக்கும். அதற்குள் தங்கத்தையோ படையையோ மாற்றினால் எதிராளியின் கணினிக்குத் தெரியவே தெரியாது. தனியாக ஆடும்போது எல்லாம் சரியாக ஓடும், இரண்டு பேர் ஆடும்போதுதான் உடையும்.

சொந்த கேமில் இதைச் சோதிக்க நீண்ட ஏற்பாடு வேண்டாம். ஐந்து நிலைகளிலும் ஒவ்வொரு கேம் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே எதிரியின் துல்லியம், கவசம், எண்ணிக்கை மூன்றையும் நிரலே ஒரு கோப்பில் எழுதட்டும். பிறகு ஒரு சண்டைக்குப் போய்த் திரும்பி அதே மூன்றையும் எழுதவையுங்கள். சேவ் செய்து, கேமை முழுவதுமாக மூடித் திறந்து லோட் செய்து மறுபடி எழுதவையுங்கள். திரையை மட்டும் மாற்றினால் போதாது, நினைவகத்தில் பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டிருந்து ஏமாற்றிவிடும். மூன்று கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முக்கியமாகச் சோதனையைக் கடைசி நிலையிலிருந்து தொடங்குங்கள். 0-வில் இருக்கும் எளிய நிலையை வைத்துச் சோதித்தால், மதிப்பு தொலைந்துபோனாலும் கோப்புகள் மூன்றும் ஒத்துப்போகும்.